வல்லூறுகள் இறங்கிய ஓடுதளம்

மினாகா தீவில் விமானம் ஏறுகிற அத்தனை பேருடைய எடையும் தொமோரி கிகுயோவுக்குத் தெரியும். ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம் அது. ஆளையும் கைப்பையையும் சேர்த்துத் தராசில் நிறுத்தி, யாரை முன்னால் உட்கார வைப்பது, யாரைப் பின்னால் தள்ளுவது என்று பார்த்த பிறகுதான் கதவு திறக்கும். நிறுத்துகிறவள் கிகுயோ. அதனால் ஊரில் அவளோடு யாரும் வம்புக்குப் போக மாட்டார்கள். புத்தாண்டு விருந்துக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று கூட்டுறவுக் கடை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள் என்றால் ஊராட்சித் தலைவரின் மனைவிக்கே மானம் போய்விடும். ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் பயம் பயம்தானே.

அவளுக்கு உண்மையில் தராசே தேவையில்லை. பெட்டியின் பிடியைத் தொட்டு ஒரு தூக்குத் தூக்கினால் போதும், வாய் எடையைச் சொல்லிவிடும்; முள் அப்புறம்தான் அந்த இடத்துக்கு வந்து நிற்கும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் முள்ளை நோக்கி விரலை நீட்டி எடையை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லி "சரி!" என்று முடிக்க வேண்டும். தராசுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இப்படித்தான். கதவுக்கு விரல், சக்கரத்துக்கு விரல், ஓடுதளத்துக்கு விரல். வெளியூர்க்காரர்கள் முதல்முறை பார்த்தால் சிரிப்பார்கள். கிகுயோவுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. விரல் நீட்டி வாயால் சொல்லாத எதுவும் அவளைப் பொறுத்தவரை இன்னும் நடக்கவில்லை.

நிலையத்தில் ஆட்களும் குறைவு. மேலதிகாரி கரிமாதா, பெரிய தீவிலிருந்து மாற்றலாகி வந்தவர், எதற்கெடுத்தாலும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பவர். தீயணைப்பு வண்டி ஓட்டும் யொனாஹா, அறுபதைத் தாண்டியவர், விமானம் இல்லாத நேரத்தில் கரும்புத் தோட்டத்தில் இருப்பவர். மிச்ச வேலை எல்லாம் கிகுயோ. காலையில் வண்டியில் ஓடுதளத்தைச் சுற்றி வருவது, பறவைகளை வெற்றுத் தோட்டா போட்டு விரட்டுவது, பெட்டி சுமப்பது, விமானத்துக்குக் கை காட்டி இடம் சேர்ப்பது. கடைசியில் அது கிளம்பும்போது மூன்று பேரும் வரிசையாக நின்று, கண்ணுக்கு மறையும் வரை இரண்டு கையையும் ஆட்ட வேண்டும். அதுவும் வேலைதான்.

அந்த அக்டோபர் காலையில் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது அவள் சொந்த மருமகள்.

சயோரி வாயாடிகளுக்குப் பேர்போன ஒசாகா நகரத்துக்காரி. மினாகாவுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷமாகியும் வாய் இன்னும் ஒசாகாவிலேயே இருந்தது. கிகுயோவின் மகன் தைச்சி சூரைமீன் கப்பலில் எங்கோ தெற்குக் கடலில். சயோரிக்கு இது தலைப்பிள்ளை. பிரசவ நாள் நெருங்கிவிட்டது. தீவில் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே பெரிய தீவுக்குப் போய் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டும். சயோரியும் போன வாரமே போயிருக்க வேண்டியவள்தான்.

போகவிடாமல் செய்தது கிகுயோவின் நல்ல நாள் பார்க்கிற புத்தி. பழைய நாட்காட்டியைப் புரட்டி, அன்றைக்குப் பயணம் ஆகாது, இரண்டு நாள் கழித்துப் போகட்டும் என்று டிக்கெட்டை மாற்றினாள். அந்த இரண்டாவது நாள் புயல் வந்தது. கப்பல் நின்றது, விமானம் நின்றது. புயல் போன கையோடு வடகாற்று பிடித்துக்கொண்டது. கப்பல் துறையைவிட்டு நகரவில்லை. நேற்று மாலை தீவின் மருத்துவர் சயோரியின் வீங்கிய காலை அமுக்கிப் பார்த்தார். ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை எடுத்தார். மூன்றாவது தடவையும் எடுத்தார்.

"நாளைக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். இங்க எனக்கு வசதி இல்லம்மா. சும்மா பயமுறுத்தல" என்றார். ஹெலிகாப்டருக்குச் சொன்னார்கள்; இந்தக் காற்றில் எழும்பாது, காலை விமானம்தான் வழி என்று பதில் வந்தது. கூடவே ஒரு நர்ஸை அனுப்ப ஏற்பாடாயிற்று. நாளை மறுநாள் காற்று இன்னும் கூடும் என்றும் சொன்னார்கள். ஆக, இந்த ஒரு விமானம்.

"அத்தே, நீங்க நாள் பாத்த லட்சணம் ஊரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு" என்றாள் சயோரி, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி. "பொண்ணு பொறந்தா காலண்டர்னே பேரு வச்சிரலாம்."

"உடம்பெல்லாம் வீங்கியும் வாயி மட்டும் அப்படியே இருக்கு பாரு."

"பயமா இருக்கு. அதான் பேசிக்கிட்டே இருக்கேன்."

கிகுயோவுக்குச் சுருக்கென்றது. அவள் தோள் சால்வையை இழுத்து மூடிவிட்டாள்.

வழியனுப்ப வந்தவர்கள் கொண்டுவந்த சாமான் தராசு மேடைக்குப் பக்கத்தில் மலையாகக் கிடந்தது. ஊரைவிட்டு ஒருத்தி கிளம்புகிறாள் என்றால் வெறுங்கையோடு வரலாமா? பூசணிக்காய், கருவாடு, பொட்டலம் பொட்டலமாகக் கருப்புச் சர்க்கரை. யொனாஹா தன் பங்குக்குத் தலையணை அளவு நீர்ப்பூசணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, பிரசவத்துக்குப் போறாளா, கடை வைக்கப் போறாளா? இது ஏறாது. சர்க்கரையும் ஏறாது. எல்லாத்தையும் ஓரமா வைங்க" என்றாள் கிகுயோ.

சயோரி தராசில் ஏறினாள். யொனாஹா விரலை நீட்டி எடையைப் படித்தார். "ரெண்டு பேரு ஏறிக்கிட்டு ஒரு டிக்கெட்டு வாங்கிருக்கீங்க, இது நியாயமா?" என்று கூடவே சேர்த்துக்கொண்டார். சயோரி சிரித்தாள். கிகுயோ எடையைத் திருப்பிச் சொல்லி "சரி!" என்றாள்.

சரி இல்லாதது ஒன்று வெளியில் இருந்தது. வல்லூறுகள்.

வருஷா வருஷம் வடகாற்றின் முதல் வீச்சோடு அவை வரும். வடக்கே எங்கெங்கோ மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, கடலுக்கு மேலேயே பறந்து பறந்து, தெற்கே வெப்ப நாடுகளுக்குப் போகிற வழியில் ஓர் இரவு மினாகாவில் தங்கும். முந்தின மாலை வந்திறங்கின. ஊராட்சி ஒலிபெருக்கியில் வழக்கம்போல அறிவிப்பும் போட்டார்கள்: வல்லூறுகள் வந்துவிட்டன, ஹாரன் அடிக்காதீர்கள், நாய்களைக் கட்டிப்போடுங்கள். கடல் தாண்டி வந்த விருந்தாளியின் தூக்கத்தைக் கெடுப்பது மினாகாவில் பெரிய அசிங்கம். இத்தனைக்கும் ஒரு காலத்தில் அதே ஊர்தான் அவற்றைப் பிடித்துக் கஞ்சியில் போட்டுக் குடித்தது.

"சும்மா சொல்லக்கூடாது. இஞ்சி தட்டிப் போட்டா அந்த ருசி இப்ப எந்தக் கோழியில இருக்கு?" என்று யொனாஹா வருஷம் தவறாமல் ஒரு பெருமூச்சு விடுவார்.

"அதுங்க காதுல விழுந்து தொலைக்கப் போவுது" என்பாள் கிகுயோ.

சாதாரணமாக, வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் வல்லூறுகள் போய்விடும். சூடான காற்று மேலே எழும்பும். அதில் ஏறி வட்டமிட்டு வட்டமிட்டு உயரத்துக்குப் போய்க் கிளம்பிவிடும். விமானம் வருவதற்குள் வானம் காலியாகிவிடும். அன்றைக்கு அப்படி இல்லை. இரவெல்லாம் மழை. காலையில் வானம் முழுக்க ஈயத் தகடு மூடினாற்போல மேகம். வெயிலே இல்லை. நனைந்த சிறகோடு அவை எங்கே போகும்? ஓடுதளத்தின் இருபுறப் புல்லிலும், காற்றுத் தடுப்பு மரங்களிலும், வேலிக் கம்பியிலும், காற்றின் திசை காட்டும் பை கட்டிய கம்பத்திலும்கூட உட்கார்ந்திருந்தன. எங்கு பார்த்தாலும் பழுப்பு முதுகுகள், வெளிர் புருவங்கள், மஞ்சள் கண்கள். கிகுயோ இத்தனை வருஷத்தில் இவ்வளவு பார்த்ததில்லை.

"கிகுயோக்கா, விமானம் கிளம்பிடுச்சு" என்று கரிமாதா ரேடியோவை வைத்துவிட்டு ஓடிவந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "இதுங்கள விரட்டணும். புல்லுல ஒண்ணு இருக்கக் கூடாது."

"சார், முதல் ராத்திரி தங்குனதுங்க. இன்னும் சிறகு காயல."

"எனக்கு மட்டும் ஆசையா? எஞ்சின்ல ஒண்ணு மாட்டுனா என்ன ஆவும்? அதுல உங்க மருமக ஏறணும்ல?"

அந்தக் கடைசி வார்த்தைதான் கிகுயோவைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தது. ஊர் வழக்கமாவது ஒன்றாவது! எத்தனை வல்லூறு தூக்கம் கெட்டால் என்ன? வண்டியை ஓடுதளத்தின் மேற்கு முனைக்கு விரட்டினாள். இறங்கித் துப்பாக்கியை வானத்துக்கு நேரே பிடித்தாள். மன்னிச்சுக்குங்க சாமி என்று முணுமுணுத்துவிட்டு வெடித்தாள்.

புல்தரை அப்படியே எழும்பியது. ஆயிரம் போர்வையை ஒரே சமயத்தில் உதறினால் எப்படிச் சத்தம் வருமோ அப்படி ஒரு சத்தம். எழும்பின, தாழப் பறந்தன, ஓர் அரை வட்டம் போட்டன. பிறகு தரையில் ஈரமில்லாத ஒரே இடத்தைப் பார்த்து வரிசை வரிசையாக வந்து உட்கார்ந்தன. அந்த இடம் ஓடுதளம். கறுத்த தார், மழைத் தண்ணீர் வடிந்து, காற்றில் காய்ந்து கிடந்தது. சிறகுகளை விரித்துப் போட்டுக்கொண்டு, துணி காயப்போட்டதுபோல உட்கார்ந்துவிட்டன.

"அடக் கடவுளே" என்றாள் கிகுயோ.

புல்லில் கிடந்ததைக் கொண்டுவந்து பாதையில் வைத்தாயிற்று. இன்னொரு தடவை வெடித்தாள். கொஞ்சம் எழும்பி, நாலடி தள்ளி மறுபடியும் அங்கேயே இறங்கின. வெடிச் சத்தத்தில் மரங்களிலிருந்தவையும் கிளம்பி வந்து சேர்ந்துகொண்டன. அவள் போட்ட ஒவ்வொரு வெடிக்கும் கூட்டம் கூடிக்கொண்டே போயிற்று. வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் உள்ளே ஓட்டிப் பார்த்தாள். அவை எழவில்லை; கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தன. சக்கரத்தடியில் நசுங்கிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டாள்.

நாள் பார்த்ததும் அவள். வெடி போட்டதும் அவள். தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை வரவில்லை.

கிழக்கே விமானத்தின் இரைச்சல் கேட்டது. மேகத்துக்குக் கீழே வெள்ளையாக வந்தது, தாழ்ந்தது, ஓடுதளத்தின் நேரே வந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. வண்டியிலிருந்த ரேடியோவில் விமானி அராசாகியின் குரல்.

"மினாகா, பாதை மேல என்ன அது, கறுப்பா?"

"வல்லூறு" என்றார் கரிமாதாவின் குரல்.

"எத்தனை?"

"எண்ணுற மாதிரி இல்லைங்க."

"கடல் பக்கமாச் சுத்திக்கிட்டு இருக்கேன். ரொம்ப நேரம் முடியாது, எண்ணெய் இல்ல. அதுக்குள்ள காலி ஆனா இறங்குறேன். இல்லன்னா திரும்பித்தான் போவணும். மன்னிக்கணும்."

கிகுயோ துப்பாக்கியை வண்டியின் மேல் வைத்தாள்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இதே வடகாற்று. அப்போது இந்த விமான நிலையம் கிடையாது, கப்பல் மட்டும்தான். இரண்டு நாள் கப்பல் வரவில்லை. துறையில் மீன் கூட்டுறவுச் சங்கத்தின் கிட்டங்கியில் காத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலி கண்டுவிட்டது. வலைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். பெண் குழந்தை. மாலை வரை இருந்தது. மாலைக்குப் பிறகு இல்லை. அவளும் புருஷனும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேர் வைக்கவில்லை, படம் எடுக்கவில்லை. மீன் நிறுக்கிற தராசு கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. குழந்தையை அதில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதலில் எடைதானே பார்ப்பார்கள்? அதுகூட நடக்கவில்லை. பின்னால் தைச்சி பெரிய தீவு மருத்துவமனையில் பிறந்தபோது நர்ஸ் எடையைச் சொல்லக் கேட்டு அவள் அழுத அழுகை யாருக்கும் புரியவில்லை. பிறகு தீவுக்கு விமான நிலையம் வந்தது. எடை போட ஆள் வேண்டும் என்றார்கள். முதல் ஆளாகப் போய் நின்றாள்.

யொனாஹாவின் தீயணைப்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. சயோரி அதில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு அறிவிருக்கா? இவள ஏன் இங்க கூட்டியாந்தீங்க?" என்று இருவரையும் சேர்த்துக் கத்தினாள் கிகுயோ.

"நான்தான் வரணும்னேன். உள்ள உக்காந்து கூரையப் பாத்துக்கிட்டு இருக்க முடியல அத்தே." சயோரி மெல்ல இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எவ்வளவு!"

"எல்லாம் என்னால. அன்னிக்கே உன்னைய அனுப்பிருக்கணும்."

"திட்டுறதுக்குத் தெம்பு இல்ல. வந்து சேந்தப்புறம் திட்டுறேன்."

யொனாஹா அன்றைக்குக் கஞ்சியைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் பீய்ச்சட்டுமா என்று கேட்டார். மறுபடி நனைந்தால் மறுபடி காயத்தானே உட்காரும்? அவரே தலையாட்டி மறுத்துக்கொண்டார். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தீவில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடலும் காற்றும் மனசு வைக்கிற வரை நிற்க வேண்டியதுதான். ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு நிற்பது வேறு.

வெயில் கிழக்கு மேகத்தில் ஒரு கிழிசல் வழியாக வந்தது. முதலில் கடல் மேல் விழுந்தது, பிறகு கரும்பு, பிறகு ஓடுதளத்தின் கோடி. மெதுவாகப் பாதை நெடுக நகர்ந்து வந்தது. வெயில் பட்ட இடத்தில் தாரின் மேல் காற்று அலையாடியது. கிகுயோவின் முகத்தில் சூடு பட்டது.

ஒரு வல்லூறு எழுந்தது. ஓசையே இல்லை. சிறகை இரண்டு தடவை அடித்தது, பிறகு அடிக்கவே இல்லை. விரித்தபடி அப்படியே மேலே போயிற்று, கீழேயிருந்து யாரோ கையால் ஏந்தித் தூக்குவதுபோல. இன்னொன்று. பிறகு பத்து. அடுத்த மூச்சில் பாதை முழுக்க எழுந்துவிட்டது.

புல் நனைந்து கிடந்தது, மரங்கள் நனைந்து கிடந்தன. தீவில் முதலில் சூடேறிய இடம் அந்தக் கறுத்த தார்ப் பட்டைதான். சூடான காற்றெல்லாம் அங்கிருந்தே எழும்பியது. அதனால் மரத்திலிருந்தவை, வேலியிலிருந்தவை, கரும்புக் காட்டில் பதுங்கியிருந்தவை எல்லாமே நாலா திசையிலிருந்தும் ஓடுதளத்துக்கு மேல் வந்து கூடின. வட்டமிட்டன. கீழ் வட்டத்துக்கு மேல் ஒரு வட்டம், அதற்கு மேல் ஒரு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து மேகம் வரை ஒரு தூண் நின்றது. சுற்றுகிற தூண். உயிருள்ள தூண். ஒன்றின் சிறகு ஒன்றில் படவில்லை. ஒன்றும் கத்தவில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் கேட்டதெல்லாம் காற்றை வருடுகிற மெல்லிய சரசரப்பு மட்டுமே.

கிகுயோ இதே ஊரில் பிறந்தவள், வல்லூறு ஏறுவதை வருஷா வருஷம் பார்த்தவள். ஆனால் தூரத்து மேட்டில் ஏறுவதைப் பார்த்திருக்கிறாளே தவிர, அதன் அடியில் நின்றதில்லை. அண்ணாந்து பார்த்தாள். தலை சுற்றியது. மடி நிறையப் பயத்தைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. இத்தனை உயிர், யாரும் நாள் பார்த்துச் சொல்லாமல், யாரும் வழி காட்டாமல், கடலைத் தாண்டக் கிளம்புகிறது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் யொனாஹா தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்திருந்தார்.

"அத்தே, உள்ள உதைக்குது" என்றாள் சயோரி. வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவளும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

ரேடியோ கரகரத்தது. அராசாகி கடல் பக்கமிருந்து பேசினார். குரலே மாறியிருந்தது.

"மினாகா… நான் இங்கிருந்து பக்கவாட்டுல பாத்துக்கிட்டு இருக்கேன். என் உயரத்துக்கு வந்துடுச்சுங்க. என்னைத் தாண்டியும் போவுது." "நான் இருபது வருஷமாப் பறக்குறேன். நாங்க பறக்குறதெல்லாம் என்னத்தச் சொல்ல."

தூணின் உச்சி மேகத்தைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து ஒன்று விலகியது. சிறகைக் கொஞ்சம் மடக்கி, தென்மேற்கே வழுக்கிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் அடுத்தது. அடுத்தது. நூல் கண்டிலிருந்து நூல் பிரிவதுபோல உச்சியிலிருந்து ஒரு நீளக் கோடு கடலை நோக்கிப் பிரிந்து போய்க்கொண்டேயிருந்தது. அடியில் தூண் மெலிந்தது. காலூன்றிய இடம் காலியாயிற்று. கடைசியாகப் பாதையில் ஒரு நோஞ்சான் வல்லூறு மட்டும் மிச்சமிருந்தது. சிறகை நீவிவிட்டுக்கொண்டு சாவகாசமாக நின்றது.

"போடி என் தங்கமே, போ" என்று கெஞ்சினாள் கிகுயோ.

அது போயிற்று.

கிகுயோ வண்டியில் பாய்ந்து ஏறினாள். ஓடுதளத்தின் கோடி வரை ஓட்டித் திரும்பினாள். இறகுகள்தான் கிடந்தன. வண்டியை ஓரம் கட்டி இறங்கி, பாதையின் நீளத்துக்கும் விரலை நீட்டி, ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினாள்: "ஓடுதளம் காலி! சரி!"

"காலி, சரி" என்றார் அராசாகி. "வர்றேன்."

விமானம் இறங்கியது. இயந்திரத்தைச் சரியாக நிறுத்தக்கூட இல்லை. நர்ஸ் ஏறினாள், சயோரியைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். கதவை மூடும் முன் கிகுயோ குனிந்து அவள் காலணியைச் சரிசெய்துவிட்டாள்.

"எடை போட்டாங்கன்னா எனக்குச் சொல்லணும். மறந்துடாதே" என்று மட்டும் சொன்னாள்.

"அத்தே, உங்களுக்கு வேற கவலையே இல்லையா?" என்றாள் சயோரி. பிறகு கிகுயோவின் முகத்தைப் பார்த்தாள். தைச்சி எப்போதோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன்."

விமானம் எழும்பி, வல்லூறுகள் போன திசைக்கு எதிர்த்திசையில் திரும்பியது. மூன்று பேரும் வரிசையாக நின்று இரண்டு கையையும் ஆட்டினார்கள். அது புள்ளியாகி மறைந்த பிறகும் கிகுயோ ஆட்டிக்கொண்டேயிருந்தாள். யொனாஹாவும் நிறுத்தவில்லை. கரிமாதா கைக்குட்டையையே ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சொன்ன அளவுக்குக் காற்று கூடவில்லை; விமானம் வந்தது. கிகுயோவின் கைபேசி காலையிலிருந்து ஊமையாகக் கிடந்தது. மருத்துவமனையில் எடுக்கிறவர்கள் எல்லாம் "உள்ளே இருக்கிறார்" என்பதோடு சரி. அவள் வழக்கம்போல ஓடுதளத்தைச் சுற்றி வந்துவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உட்கார மனசு வரவில்லை. உள் அறையில் ரேடியோ கரகரத்தது.

"மினாகா, அராசாகி பேசுறேன். பயணி விவரம் ஒண்ணு சொல்லணும். தொமோரி அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

கரிமாதா ரேடியோவையே அறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"நான் கிளம்புற நேரத்துல ஆஸ்பத்திரியில இருந்து ஆள் ஓடியாந்து சொல்லச் சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சு மினாகாவுக்குக் கூடுதலா ஒரு பயணி. பொண்ணு. தாயும் நல்லா இருக்காங்க. எடை ரெண்டு கிலோ எண்ணூத்தி நாப்பது. கைப்பை எதுவும் இல்லையாம்."

கரிமாதா கத்தினார். யொனாஹா எங்கிருந்தோ ஓடிவந்து, விஷயம் என்னவென்று தெரியாமலே அவரும் கத்தினார். கிகுயோ அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி "சரி" என்றாள்.

விமானம் வந்து, ஆட்களை இறக்கி ஏற்றி, போன பிறகு, கூடம் காலியாயிற்று. சயோரிக்கு வந்த சாமான் இன்னும் ஓரத்திலேயே கிடந்தது. கிகுயோ கருப்புச் சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துத் தராசில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது வந்ததும் நிறுத்தினாள். தன் வேலைச் சட்டையைக் கழற்றி, அதில் மொத்தத்தையும் சுற்றி, இடது கையின் மடிப்பில் ஏந்திக்கொண்டாள். பேத்தி. இவ்வளவு இருக்கிறாளா! கெட்டிக்காரி. முகம் மலர்ந்து சிரித்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. கைக்கு என்னவோ தோன்றியது. இத்தனை வருஷமாக எதைத் தூக்கினாலும் எடை சொல்கிற கை அது. இது கொஞ்சம் அதிகம் என்றது.

மூட்டையைப் பிரித்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ஏந்திப் பார்த்தாள். இன்னும் அதிகம். இன்னொரு பொட்டலம். ஏந்தினாள். இப்போது குறைவு. பொட்டலத்தை உடைத்து, சர்க்கரைக் கட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு ஏந்தினாள். வலைகளின் வாடை அடித்தது. கிட்டங்கியின் தகரக் கூரையில் காற்று மோதியது. இன்னும் ஒரு கட்டி. மறுபடி ஏந்தினாள்.

இதுதான். அன்றைக்கு மாலை வரை மடியில் வைத்திருந்த கனம். கைக்குச் சந்தேகமே இல்லை.

யொனாஹா நீர்ப்பூசணியைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் மீன் கூட்டுறவுச் சங்கத்தில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அன்றைக்கும் கிட்டங்கியில் இருந்தார். சட்டை மூட்டையையும், அவள் ஏந்தியிருந்த விதத்தையும் பார்த்தவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வை கிகுயோ" என்றார் மெதுவாக. "நான் படிக்கிறேன்."

அவள் மூட்டையைத் தலைப்பக்கம் தாங்கிப் பிடித்துத் தராசில் கிடத்திவிட்டுக் கையை எடுத்தாள். முள் ஆடியது, ஆடி நின்றது. யொனாஹா தொப்பியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று, முள்ளை நோக்கி விரலை நீட்டினார். கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் படித்தார்.

"ரெண்டு கிலோ முந்நூறு!"

"ரெண்டு கிலோ முந்நூறு" என்றாள் கிகுயோ. தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைப்படி விரலை நீட்டி, முடித்தாள்.

"சரி."